வெள்ளிக்கிழமை மிஷின் குடித்த புகை

போன மாதம் பெரியவன் ஓசூரிலிருந்து லீவில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒரு சேதி சொன்னான். அவன் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுபோகிறதாம். யாரோ வேண்டுமென்றே கை வைக்கிறார்கள் என்று பேச்சாம்.

“யாருன்னு எனக்குத் தெரியும்பா” என்றான்.

“எப்படித் தெரியும்?”

“அவன் முழியே சரியில்ல.”

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பெரியவனுக்கும், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த சின்னவளுக்கும், உங்களோடு ஷிப்டுக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

ஒரு காலத்தில் என் முழியும் சரியில்லாமல்தான் இருந்தது.

ஐம்பதுகளில் ஓசூரில் இன்று நீங்கள் பார்க்கிற எதுவும் கிடையாது. மிஷின் வேலை தெரிந்தவனுக்குப் பிழைப்பு என்றால் கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டோரம் இருந்த ஒர்க்‌ஷாப்புகள்தான். எங்கள் முதலாளி ராயக்கோட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர். சொந்தமாகச் சில பஸ்கள் விட்டிருந்தார். அவற்றைப் பழுது பார்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் தகரக் கொட்டகை போட்டு ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அங்கே கம்ப்ரஸர் என் பொறுப்பு.

அந்தக் கம்ப்ரஸர் இல்லாவிட்டால் கொட்டகையில் பாதி வேலை நின்றுபோகும். டயருக்குக் காற்று, தூசி ஊதுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அதை நம்பித்தான். காலையில் வந்ததும் டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவேன். எண்ணெய் பார்ப்பேன். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று உள்ளே போகும் வாயில் இருக்கும் சல்லடை மூடியைக் கழற்றி, அதிலுள்ள கம்பளித் துணியை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்துப் போடுவேன். இதற்கு மேல் அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செய்யவேண்டியதைச் செய்தால் அது பாட்டுக்கு ஓடும்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு வருஷத்து ஆயுத பூஜை வரைக்கும்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை மிஷினைப் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, டேங்கில் காற்று ஏறவில்லை. பிரஷர் முள் கொஞ்சம் நகர்ந்துவிட்டு அங்கேயே நின்றது. தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். காற்றுக்குத் திறந்து மூடி வழிவிடும் வால்வுத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. கருத்த பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று அதன்மேல் இறுகிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினேன். ஓடியது. அடுத்த சனிக்கிழமை காலை மறுபடியும் அதே கதை. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

மற்ற நாளில் ஒரு தொந்தரவும் இல்லை. சனிக்கிழமை மட்டும். நாள் பார்த்துக் கெடுகிற மிஷின் உண்டா? வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏனென்றால் காற்று நுழையும் வாயிலிருந்த கம்பளித் துணி சுத்தமாக இருந்தது. வெளியிலிருந்து அழுக்கு போயிருந்தால் முதலில் அந்தத் துணியில்தானே ஒட்ட வேண்டும்? துணி வெள்ளையாக இருந்து உள்ளே பிசின் இருக்கிறதென்றால், மூடியைக் கழற்றி எவனோ எதையோ ஊற்றுகிறான் என்று அர்த்தம்.

நான் பெயிண்டர் பசப்பாவைச் சந்தேகப்பட்டேன். ஆனேக்கல் பக்கத்துக்காரன். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவனிடம் வார்னிஷ் டப்பாக்கள் இருந்தன. காய்ந்த வார்னிஷும் அந்தப் பிசினும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தன.

பசப்பாவோ என்னைச் சந்தேகப்பட்டான். காற்று குறைந்தால் பெயிண்ட் சீராக விழாது, திட்டுத்திட்டாகத் தெறிக்கும். நான் சரியாகத் துடைக்காமல் மாட்டிய ஒரு சனிக்கிழமை, ஒரு பஸ்ஸின் ஒரு பக்கம் முழுக்க அப்படிக் கெட்டுப்போனது.

“ஏனப்பா அந்தோணி, இது பஸ்ஸா, இல்ல அம்மை போட்ட மூஞ்சியா?” என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டான். “முதலாளி என்னைத்தான ஏசுவாரு? உனக்கு என்னா, காத்து விக்கிறவன்.”

ஆனால் இரண்டு பேரையும்விடப் பெரிய சந்தேகம் மேஸ்திரிக்கு. அவர்தான் ஒர்க்‌ஷாப்பில் மூத்தவர், என்ஜின் வேலையில் கெட்டிக்காரர், பக்திமான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் கொட்டகைக்குள் பூஜை போடுவது அவர்தான். எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ வைத்து, தூபக்காலில் சாம்பிராணி போட்டுக் காட்டுவார். நான் மட்டும் அந்த நேரத்தில் வெளியே கேட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. கும்பிடாதவன் உள்ளே நின்று வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை என்று நானாக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

அந்த வழக்கமே எனக்கு எதிராகத் திரும்பியது.

“எல்லாரும் சாமி கும்பிடறப்போ ஒருத்தன் மட்டும் வெளிய நிக்கறான். மறுநாள் மிஷின் படுத்துக்குது” என்று மேஸ்திரி சொல்ல ஆரம்பித்தார். “வேதக்காரன் கையில மிஷினைக் குடுத்தா அது சாமிக்கு ஆகலையோ, என்னமோ.” கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். முதலில் ஜாடைமாடையாகச் சொன்னார். பிறகு நான் இருக்கும்போதே சொன்னார். பிறகு இன்னொரு விதமாகவும் சொன்னார்: “விடியக்காலமே தனியா வந்து கழட்டறான், தனியாவே மாட்டறான், நாம வர்றதுக்குள்ள ஓட விட்டுடறான். கெடுக்கறவனுக்குத்தான எங்க கெட்டதுன்னு உடனே தெரியும்?”

அது உண்மைதான் பிள்ளைகளே, நான் தனியாகத்தான் திறந்தேன். பசப்பா வருவதற்குள் ஓட வைத்துவிட வேண்டும், பேச்சு வரக்கூடாது என்று சீக்கிரமே போய் அவசர அவசரமாகக் கழற்றினேன். வேலையை நான் ஒழுங்காகச் செய்யச் செய்ய, அதுவே பார்ப்பவர்களுக்குத் திருட்டுத்தனமாகத் தெரிந்தது.

அந்தச் சமயம் நாட்டிலேயே சந்தேகம்தான். மாநிலங்களைப் பிரிக்கிற பேச்சு. ஓசூர் மெட்ராஸ் பக்கமா மைசூர் பக்கமா என்று டீக்கடையில் தினமும் சண்டை. பசப்பா டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். நான் கொட்டகைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு நிற்கும். அப்போதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, சத்தம் போட்டுப் பேச மாட்டார். அதனால்தான் அதிகம் பயம்.

“ஏம்பா அந்தோணி, ராயக்கோட்டை லைன் பஸ்ஸை சேலத்துக்குக் கொண்டுபோய் சர்ட்டிபிகேட்டுக்கு அதிகாரிகிட்டக் காட்டணும். பெயிண்ட் முடியல. வர்ற சனிக்கிழமையும் மிஷின் படுத்துச்சுன்னா, நீ வேற இடம் பாத்துக்க. நான் காரணம் கேக்க மாட்டேன்.”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க, முதலாளி.”

“பண்ணினேன்னு நான் சொல்லலியே” என்றார். அவ்வளவுதான்.

மிஷினைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கி வெளியே போனால் கிருஷ்ணகிரியில் எந்த ஒர்க்‌ஷாப்பும் சேர்க்காது. பெங்களூர் வரை லாரிகளோடு அந்தப் பேச்சும் போய்விடும். உங்கள் அம்மா அப்போது பெரியவனைச் சுமந்துகொண்டிருந்தாள். ஊத்தங்கரைக்குத் திரும்பிப்போய் மானாவாரிக் காட்டில் மழைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை சுரண்டியெடுத்த பிசினை ஒரு தகர மூடியில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு நேராகப் பசப்பாவிடம் போனேன். அவன் உச்சிவெயிலில் பஸ்ஸுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இது உன் வார்னிஷ்தான?” என்று மூடியை நீட்டினேன்.

அவன் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தான். “ஓ, நீ என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தியா? நான் உன்னையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்!”

“பேச்சை மாத்தாத.”

“என் வார்னிஷ் எரிஞ்சா எப்படி நாறும்னு எனக்குத் தெரியும். வா” என்று, பட்டறையில் கனன்றுகொண்டிருந்த கரி அடுப்புப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனான். ஒரு துண்டுப் பிசினை நெருப்பில் போட்டான்.

வெள்ளையாகப் புகை எழுந்தது. வார்னிஷ் நாற்றம் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் எங்கள் மாதா கோவிலுக்குள் முழந்தாளில் இருப்பது போல இருந்தது. திருவிழா பூசையில் சாமியார் தூபம் வீசும்போது வருகிற அதே வாசனை. மசகெண்ணெய் நாற்றத்தோடு கலந்து வந்தாலும் அதேதான்.

“சாம்பிராணி” என்றேன்.

பசப்பா வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியாமல் உட்கார்ந்தே விட்டான்.

“அய்யோ, நம்ம மேஸ்திரி! அவரு ஊட்டறாரு மிஷினுக்கு!”

“என்னாத்த ஊட்டறாரு?”

“நீதான் வெளிய போய் நின்னுக்கறியே, உனக்கெங்க தெரியும்? ஆயுத பூஜை அன்னிக்கு மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. மேஸ்திரி தூபக்காலை அந்தக் காத்து வாய்கிட்டக் காட்டினாரு. சர்ருனு புகை பூராவும் உள்ள போயிடுச்சு. எல்லாரும் அசந்துட்டாங்க. ‘பாத்தீங்களா, ஏத்துக்கிச்சு! மிஷின் ஏத்துக்கிச்சு!’ன்னு மேஸ்திரிக்குக் கண்ணுல தண்ணி. அன்னிலேருந்து வாரா வாரம். நல்லாப் போகட்டும்னு மூடியை வேற கழட்டிடறாரு. கைநிறைய அள்ளி அள்ளிப் போட்டு, புகை தீர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. அப்புறம் மூடியைத் துடைச்சுப் பத்திரமா மாட்டிடுவாரு.”

இப்போது எல்லாம் விளங்கியது. மூடியைக் கழற்றிவிடுவதால் துணி வெள்ளையாகவே இருக்கிறது. புகையிலுள்ள பிசின் நேராக உள்ளே போய்த் தகட்டில் படிகிறது. மிஷின் சூடாக இருக்கும்வரை இளகி இருக்கும், அதனால் வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியாது. இரவு மிஷின் ஆறியதும் அதுவும் இறுகிவிடும். காலையில் தகடு அசையாது.

“போய் முதலாளிகிட்டச் சொல்லிடு” என்றேன்.

பசப்பாவின் சிரிப்பு நின்றது. “நானா? பூஜையைக் கன்னடத்தான் குத்தம் சொல்றான்னு ஆயிடும். இருக்கிற சண்டை போதாதா?”

“அப்ப நான் சொல்றேன்.”

“நீ சொன்னா அதைவிட மோசம். அப்புறம் இன்னொண்ணு.” அவன் குரலைத் தாழ்த்தினான். “உங்க சர்ச்சுலயும் சாம்பிராணிதான போடறீங்க? ‘அங்கேருந்து கொண்டாந்து போட்டுட்டு என் மேல சாட்டறான்’னு மேஸ்திரி சொன்னா என்னா பண்ணுவ?”

உண்மை கையில் இருக்கிறது, ஒரு தகர மூடியில். அதை எடுத்து நீட்டினால் எனக்கே எதிராகத் திரும்பும்.

வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். “வெள்ளிக்கிழமை அவங்க போனதும் நீங்களே கழட்டித் துடைச்சு வெச்சுட்டு வந்துடுங்களேன். யாருக்கும் தெரிய வேணாம், வேலையும் நிலைக்கும்” என்றாள். பாவம், பயத்தில் சொன்னாள். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் எல்லாரும் போன பிறகு நான் தனியாக மிஷினைத் திறப்பதை ஒருத்தன் பார்த்துவிட்டால்? அவர்கள் இத்தனை நாளும் பார்க்கக் காத்திருப்பது அதைத்தானே!

யோசித்துப் பார்த்தேன். என்னை நம்புங்கள் என்று கேட்டால் யாரும் நம்பப் போவதில்லை. அப்படியென்றால் நம்பவே வேண்டாம், கிட்டே வந்து சந்தேகப்படட்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூஜைக்கு முன்னால் முதலாளியிடம் போனேன். “எம்மேல சந்தேகம் இருக்குதுங்க. இருக்கட்டும். இப்ப எல்லார் முன்னாலயும் மிஷின் தலையைக் கழட்டறேன். சுத்தமா இருக்குதான்னு நீங்களே கைவெச்சுப் பாருங்க. மாட்டி, ஓட விடறேன். அப்புறம் நான் அதைத் தொட மாட்டேன். பூஜை முடிஞ்சதும் கொட்டகையை நீங்களே பூட்டி சாவியை வெச்சுக்குங்க. காலைல நீங்க வந்து தொறந்தப்புறம்தான் நான் உள்ள வருவேன்.”

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, “பண்ணச் சொல்லுங்க. நானும் பக்கத்துலயே நிக்கறேன்” என்றார்.

கழற்றினேன். முதலாளி தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். மேஸ்திரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பசப்பாவும் வாங்கிப் பார்த்து, “என் பொண்டாட்டி வளையல்கூட இவ்வளவு பளபளப்பு இல்ல” என்றான். யாரும் சிரிக்கவில்லை. மாட்டி ஓடவிட்டேன். முள் மேலே ஏறியது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தேன். ஆனால் கேட்டுக்குப் போகவில்லை. முதல் தடவையாக உள்ளேயே, கடைசியில், எல்லாரும் பார்க்கும்படி நின்றேன்.

“என்னா, இன்னிக்கு உள்ள?” என்றார் மேஸ்திரி.

“வெளிய நின்னாலும் தப்பாப் போகுது மேஸ்திரி.”

அவர் பூஜையைத் தொடங்கினார். பசப்பா சொன்னது எல்லாம் கண்ணெதிரே நடந்தது. மூடியைக் கழற்றினார். தூபக்காலை ஏந்தினார். வெள்ளைப் புகை வளைந்து வளைந்து போய் மிஷின் வாய்க்குள் மறைந்தது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. இரும்பு மூச்சு விடுகிறது என்று தினமும் வேலை செய்கிற எனக்கே அன்றுதான் தோன்றியது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்தபோது, நாளைக் காலை இவருக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். அதுவரை எனக்கு என்ன ஆகும் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி பூட்டினார். சாவி அவர் மடிக்குப் போனது.

சனிக்கிழமை காலை எல்லாரும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். முதலாளி பூட்டைத் திறந்தார். சுவிட்சை அவரே போட்டார். பெல்ட் சுற்றியது, சத்தம் வந்தது. முள் கொஞ்சம் எழுந்தது. நின்றது. மேஸ்திரி என் கையைப் பார்த்தார், பிறகு பூட்டைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார்.

“கழட்டு” என்றார் முதலாளி.

“மேஸ்திரியே கழட்டட்டுங்க” என்றேன்.

அவர் கழற்றினார். தகட்டில் பழுப்புப் பிசின். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி தகட்டை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. தகட்டை மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரியும் முகர்ந்தார்.

“அப்ப நான்தான் கெடுத்தேன்னு சொல்றியா?” என்று மேஸ்திரி கேட்டார். குரல் உடைந்திருந்தது. முதலாளியிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அத்தனை வாரப் பேச்சும் நெஞ்சில் இருந்தது. ஆனால் அந்தக் கொட்டகையில் அவரோடு நான் இன்னும் வேலை செய்தாக வேண்டும். மிஷினைச் சரிசெய்துவிட்டு மனிதனை உடைத்துப் போட்டால் அந்தப் பழுதை யார் பார்ப்பது?

“சாமிக்குப் பண்ணினது தப்பில்லீங்க மேஸ்திரி. எங்க கோவில்லயும் இதே சாம்பிராணிதான். எங்க சாமியாரும் புகை போடுவாரு. ஆனா யார் மூக்குலயும் கொண்டுபோய்த் திணிக்க மாட்டாரு. மிஷின் மேல காட்டுங்க. வாய்ல மட்டும் வேணாம்.”

பசப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முதலாளிக்கு. மேஸ்திரி சிரிக்கவில்லை.

“இனிமே பூஜை வேளைல மிஷின் நிக்கட்டும்” என்று முதலாளி முடிவு சொன்னார். அன்று மத்தியானம் பசப்பா பெயிண்ட் அடித்தான். பஸ் சேலம் போய் வந்தது. என் வேலை நிலைத்தது.

மேஸ்திரி என்னிடம் வருத்தம் தெரிவித்தார், இருவரும் சிநேகமானோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, நிறுத்தி வைத்த மிஷின் முன்னால் தூபக்காலைப் பிடித்தார். புகை உள்ளே போகவில்லை, கொட்டகை முழுக்க அலைந்து எங்கள் கண்ணைத்தான் எரித்தது. மூடி போட்டிருந்த அந்த வாயையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஒரு விதத்தில் தன்னை ஏமாற்றிவிட்டேன் என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

அதனால் சனிக்கிழமைதோறும் வந்து நிற்பார். “தொற, பாக்கலாம்” என்பார். நான் திறப்பேன். தகட்டை வாங்கித் தடவிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். அவர் பார்ப்பார் என்பதற்காகவே நான் ஒரு வாரம்கூடத் துடைக்காமல் விட்டதில்லை. அந்த மிஷின் அத்தனை வருஷம் ஒழுங்காக ஓடியதற்கு என் கை மட்டும் காரணம் இல்லை, அவர் சந்தேகமும்தான். நீங்கள் சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரைப் போலக் கிட்டே வந்து, திறக்கச் சொல்லி, கையில் வாங்கிப் பார்த்துச் சந்தேகப்படுங்கள். எட்ட நின்று முழியைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

பல வருஷம் கழித்து நான் வேறு வேலைக்குப் போகும்போது, மிஷினைப் புதிதாக வந்தவனிடம் ஒப்படைத்தேன். மேஸ்திரி அன்றைக்கும் வந்தார். சனிக்கிழமைகூட இல்லை. “தொற” என்றார். திறந்தேன். தகட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். தடவினார். முகர்ந்தார். பிறகு என்னிடம் தராமல் புதியவன் கையில் கொடுத்தார்.

“சுத்தமா இருக்குது. இவன் எப்படி வெச்சிருந்தானோ, அப்படியே வெச்சிரு” என்று அவனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே தன் என்ஜின் வேலைக்குப் போய்விட்டார்.